ஓடும் வண்டிக்கும் நிற்கும் மூட்டைக்கும் தார்ப்பாய்: அளவெடுப்பதிலிருந்து மடித்து வைப்பது வரை

எங்கள் களத்தில் ஒருமுறை நெல் மூட்டைகள் இரண்டு இரவு நனைந்தன. மேலே போட்டிருந்த தார்ப்பாயில் ஓர் ஊசி முனை ஓட்டைகூடக் கிடையாது.

நவரைப் பட்டத்து நெல் அது. அறுத்துக் காயவைத்து நாற்பது மூட்டை பிடித்து, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் முறை வருவதற்காகக் காத்திருந்தோம். சித்திரைக் கடைசி. பகலெல்லாம் வேலூர் வெயில் மண்டையைப் பிளந்தது; பொழுது சாயும் நேரத்தில் ஜவ்வாது மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது. புதிதாக வாங்கிய தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரங்களில் கல் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தோம். மூன்றாம் நாள் மூட்டைகளைத் தூக்கியபோது அடி வரிசைச் சாக்கின் இழைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. கையை வைத்தால் சாக்கு காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது.

தவறு எங்கே என்பது தரையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அடியில் விரித்த தார்ப்பாய், மேலே மூடியதைவிட ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே பெய்த மழையெல்லாம் வழிந்து அந்த நீட்டலில் விழுந்து, தாம்பாளத்தில் ஊற்றியதுபோல உள்ளே ஓடி மூட்டைகளுக்கு அடியில் தேங்கிவிட்டது. நல்ல தார்ப்பாய் வாங்கினோம். அதைக் கொண்டே நெல்லுக்கு ஒரு தொட்டி கட்டிவிட்டோம்.

அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் டிராக்டர் வைத்திருப்பவர்கள் பலரிடமும் நான் பார்ப்பது இதுதான்: ஒரே தார்ப்பாய். காலையில் அது டிரெய்லரின் மேல் மண்டிக்குப் போகும், இரவில் களத்து அம்பாரத்தை மூடும், மழைக்காலத்தில் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகும். ஆறே மாதத்தில் கிழிந்ததும் கடைக்காரரைத் திட்டுவோம். வண்டியில் ஓடும் சுமைக்கு எதிரி காற்று. ஓரிடத்தில் நிற்கும் சரக்குக்கு எதிரி வெயிலும், தரை ஈரமும், சரக்கு தானே விடும் வேர்வையும். இந்த இரண்டுக்கும் வேண்டிய துணி வேறு, அளவு வேறு, கட்டும் முறை வேறு. கையில் காசிருந்தால் இரண்டு வாங்குங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் எதற்கு அதிகம் பயன்படப்போகிறது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

முதல் படி: சுமையை அளக்க வேண்டும், வண்டியை மட்டுமல்ல

பெரும்பாலோர் டிரெய்லரின் நீள அகலத்தைச் சொல்லித் தார்ப்பாய் கேட்கிறார்கள். மூட வேண்டியது வண்டிக்கு மேலே எழும்பி நிற்கும் சுமையை. சுமை ஏற்றிய நிலையில் ஒரு கயிற்றை எடுத்து, ஒரு பக்கப்பலகையில் தார்ப்பாய் எதுவரை இறங்க வேண்டுமோ அங்கே பிடித்து, சுமையின் உச்சி வழியாக மறுபக்கம் அதே இடம்வரை கொண்டுபோங்கள். அந்தக் கயிற்றின் நீளம்தான் உங்களுக்கு வேண்டிய அகலம். முன்னாலிருந்து பின்னாலும் அதேபோல அளந்தால் நீளம் கிடைத்துவிடும். அளவு நாடா தேடி அலைய வேண்டாம்.

கணக்காகச் சொன்னால், என்னுடைய டிரெய்லர் 10 அடி நீளம், 6 அடி அகலம். நெல் மூட்டை ஏற்றினால் பலகைக்கு மேலே 2 அடி உயரும். பலகையின் விளிம்பைத் தாண்டி ஒன்றரை அடி கீழே இறங்கினால்தான் கொக்கியில் இழுத்துக் கட்ட முடியும். அகலத்துக்கு 6 அடியோடு இரு பக்கமும் மூன்றரை அடி சேர்த்து 13 அடி. நீளத்துக்கு 10 அடியோடு அதே ஏழு அடி சேர்த்து 17 அடி. கடையில் 12-க்கு 18 அடியும் கிடைக்கும், 15-க்கு 18 அடியும் கிடைக்கும். முன்னது ஓரடி போதாது, பின்னதுதான் சரி. அந்த ஓரடியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சின்னதை வாங்கினால், மழையில் ஒரு பக்க மூட்டை வரிசை முழுவதும் திறந்து கிடக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மேலே அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் வெட்டிய அளவு. ஓரத்தை மடித்துத் தைத்த பிறகு நான்கு, ஆறு அங்குலம் குறைந்துவிடும். ஆகவே தேவைக்கு மிகச் சரியாக வாங்காமல், அரையடியாவது கூடுதலாக இருக்கும் அளவையே எடுங்கள். அதற்காக ரொம்பப் பெரிதும் கூடாது. ஓடும் வண்டியில் மிச்சத் துணி தொங்கினால் அது படபடவென்று அடித்துக்கொண்டே வரும். டயரில் மாட்டினாலும் மாட்டும்.

களத்துக்கு அளவெடுப்பது வேறு. நாற்பது மூட்டையை வரிசைக்குப் பத்தாக, ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு வரிசை அடுக்கினால் ஏறக்குறைய 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரம் வரும். இரு பக்கமும் தரைவரை இறங்க வேண்டும், அதற்கு மேலும் ஓரடி வெளியே போக வேண்டும், நடுவில் முகடு எழுப்ப ஒன்றிரண்டு அடி வேண்டும். அகலம் 16 அடியை நெருங்கிவிடும். 18-க்கு 24 அடித் தார்ப்பாய் எடுத்தால் இரு முனைகளையும் பெட்டிக்குத் தாள் மடிப்பதுபோல மடித்துச் செருகலாம். இங்கே மிச்சம் இருப்பது நல்லது.

இரண்டாம் படி: எந்தத் துணி

தார்ப்பாய் என்ற பெயரில் மட்டும்தான் இப்போது தார் இருக்கிறது. கடையில் நான்கு வகை பார்க்கலாம்.

நீலம், மஞ்சள், பச்சை என்று எங்கும் தொங்குவது எச்டிபிஇ என்ற அடர் பாலிதீன் நாடாவை நெய்து இருபுறமும் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியது. விலை குறைவு, எடை குறைவு, எல்லா அளவிலும் கிடைக்கும். இதற்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 7903. அந்த எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் ஓரத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகையின் பலவீனம் வெயில். வெயிலைத் தாங்கும் மருந்து சேர்க்காத துணி ஒரே கோடையில் வெளுத்து, தொட்டால் மாவாக உதிரும். எங்கள் பகுதியில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம் என்பதால் வேறு ஊர்க்காரர் சொல்லும் ஆயுள் கணக்கு நமக்குப் பொருந்தாது. மலிவான நீலத் தார்ப்பாயைக் கொட்டகை மேல் போட்டுவிட்டு அடுத்த பொங்கலுக்கு எடுத்துப் பாருங்கள். துணி வராது, நார்தான் வரும்.

இரண்டாவது, பல அடுக்குப் பிளாஸ்டிக் தாளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. ஒரு நிறுவனம் வைத்த சில்பாலின் என்ற வணிகப் பெயரே இதற்கு ஊர்ப் பெயராகிவிட்டது. நெசவு இல்லாததால் ஊசித் துளையில் கசியும் தொல்லை இல்லை. மடித்தால் கைப்பிடி அளவுதான். களத்துக்கும் வைக்கோல் போருக்கும் எனக்குப் பிடித்தது இதுதான். வண்டிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பக்கப்பலகை இரும்பு மூலையில் உரசிக்கொண்டே இருபது கிலோமீட்டர் போனால் எந்த மெல்லிய தாளும் தேய்ந்துபோகும்.

மூன்றாவது பிவிசி பூச்சு ஏற்றிய பாலியெஸ்டர் துணி, நெடுஞ்சாலை லாரிகளின் மேல் நீங்கள் பார்க்கும் கனமான வகை. சதுர மீட்டருக்கு 500 கிராமுக்குக் குறையாமல் இருக்கும். காற்றுக்கும் உராய்வுக்கும் நின்று பேசுவது இதுதான். விலை அதிகம், இரண்டு ஆள் இல்லாமல் விரிக்க முடியாது, உள்ளே இருக்கும் சரக்குக்கு மூச்சு விட வழியே இருக்காது. வாரத்துக்கு மூன்று நடை வாடகை ஓட்டுபவர் வாங்கலாம். வருடத்துக்கு நான்கு முறை மண்டிக்குப் போகும் விவசாயிக்கு வேண்டாத செலவு.

நான்காவது பழைய பருத்திக் கான்வாஸ். மெழுகு ஏற்றிய நல்ல கான்வாஸ் மழையைத் தடுக்கும், அதே நேரம் உள்ளே இருக்கும் ஆவியை வெளியே விடும். நெல், மல்லாட்டை (வேர்க்கடலை) போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான மூடாக்கு இல்லை என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நனைந்தால் கல்லாய்க் கனக்கும், ஈரத்தோடு ஒருமுறை மடித்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுவிடும். இன்றைய ஆள் பற்றாக்குறையில் அதைத் தினமும் காயவைக்க யார் இருக்கிறார்கள்?

நிறம் அழகுக்காக மட்டும் இல்லை. கருப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூள் பிளாஸ்டிக்கை வெயிலிலிருந்து காக்கும். அதனால் கருப்புத் தாள் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் உள்ளே சூடேறும். வெள்ளியும் வெளிர் நிறமும் சூட்டைத் திருப்பி அனுப்பும். பூசணி, கத்திரிக்காய் போன்ற காய்கறி ஏற்றினால் வெளிர் நிறம் மேலே இருக்கட்டும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைக் கருப்புத் தாளுக்குள் ஒரு மணி நேரம் வைத்து வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே பாதி விலைக்கு வதங்கிய காய்தான் விற்கலாம்.

மூன்றாம் படி: கடையில் தராசைக் கேளுங்கள்

தார்ப்பாய் வாங்குவதில் மிகப் பெரிய ஏமாற்று தடிமனில் நடக்கிறது. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 120, 150, 200, 250 என்று எழுதியிருக்கும். அதை நம்ப வேண்டியதில்லை. எடை போட்டால் தெரிந்துவிடும். நீள அகலத்தை அடியில் பெருக்கி 10.76-ஆல் வகுத்தால் சதுர மீட்டர் வரும். 15-க்கு 18 அடி என்றால் 270 சதுர அடி, அதாவது 25 சதுர மீட்டருக்கு ஒரு துளி கூடுதல். 200 ஜிஎஸ்எம் என்று சொன்னால் 5 கிலோ இருக்க வேண்டும். 250 என்றால் ஆறேகால் கிலோ. தராசில் 4 கிலோ காட்டினால் அது 160. கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் 160 தான்.

ஒருமுறை இப்படிக் கேட்டபோது ஒரு கடையில் தராசு இல்லை என்றார்கள். பக்கத்து வெல்லக் கடையில் போய் வைத்துப் பார்த்தேன். ஒன்றேகால் கிலோ குறைந்தது. திரும்பி வந்து சண்டை எதுவும் போடவில்லை, அந்த எடைக்கான விலையைத்தான் கொடுத்தேன். அவரும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

சிலர் மைக்ரான் கணக்குச் சொல்வார்கள். அது தாளின் தடிப்பு. நெய்த துணியில் நெசவின் மேடுபள்ளத்தால் தடிப்பு கூடித் தெரியும் என்பதால் அந்த எண்ணை வைத்து இரு வகைகளை ஒப்பிட முடியாது. களத்து மூடாக்குக்கு 150 முதல் 200 ஜிஎஸ்எம் போதும். வண்டிக்கு 250-க்குக் குறைந்தால் எடுக்காதீர்கள்.

எடை பார்த்த பிறகு இரண்டு நிமிடம் செலவிட்டு விரித்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பூச்சு விடுபட்ட இடம் நட்சத்திரமாக மின்னும். நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டுங்கள். பூச்சு தோலாக உரிந்து வந்தால் முதல் மழையிலேயே கசியும். பிறகு ஓரத்தில் கயிறு கோக்கும் வளையத்துக்கு வாருங்கள். தார்ப்பாய் பெரும்பாலும் நடுவில் கிழிவதில்லை, வளையம் இருக்கும் இடத்தில்தான் கிழிகிறது. கட்டைவிரலை உள்ளே விட்டு முறுக்குங்கள். வளையம் துணியில் சுற்றினால் வேண்டாம். அலுமினியமோ பித்தளையோ இருக்கலாம். துருப்பிடிக்கும் இரும்பு கூடாது, துரு துணியையும் அரித்துவிடும். ஓர மடிப்புக்குள் கயிறு ஓடியிருக்கிறதா, நான்கு மூலைக்கும் கூடுதல் துண்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். வளையங்கள் மூன்று அடிக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. வண்டிக்கு என்றால் ஒன்றரை அடிக்கு ஒன்று வைத்துத் தரச் சொல்லுங்கள். அதற்குக் கொடுக்கும் சில்லறை வீண் போகாது.

நான்காம் படி: வண்டியில் கட்டுவது

டிராக்டர் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில்தானே போகிறது, இதற்கு என்ன காற்று என்று தோன்றும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். பள்ளிகொண்டா பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறிப் பாருங்கள். பின்னாலிருந்து ஒரு கண்டெய்னர் லாரி உரசினாற்போல் கடக்கும்போது டிரெய்லர் தார்ப்பாய் ஒரு கணம் மூச்சை இழுத்து விடும். எங்காவது ஒரு கட்டு தளர்ந்திருந்தால் அந்தக் கணத்தில் தெரிந்துவிடும்.

முதலில் மூலைகளுக்குத் திண்டு வைக்க வேண்டும். பக்கப்பலகையின் இரும்பு விளிம்பு, கொக்கி, பின்கதவின் தாழ்ப்பாள் எல்லாவற்றின் மேலும் பழைய சைக்கிள் டியூபையோ இரண்டாக மடித்த சாக்கையோ போடுங்கள். தார்ப்பாய்க்குச் செய்யும் செலவிலேயே மிகக் குறைந்ததும், ஆயுளை அதிகம் கூட்டுவதும் இதுதான்.

சுமையின் நடுப்பகுதி ஓரத்தைவிட உயரமாக இருக்கட்டும். மேலே தட்டையாக இருந்தால் மழைநீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஓர் அங்குலம் நின்றாலே 25 கிலோ. குழி விழுந்த இடத்தில் மேலும் தண்ணீர் சேரும், துணி தொய்யும், மறுபடியும் சேரும். கடைசி வரிசை மூட்டைகளை நடுவில் ஒரு வரிசை கூடுதலாக அடுக்கினால் முகடு தானே வந்துவிடும்.

விரிப்பதில் காற்று வரும் திசையைப் பார்க்காதீர்கள். வண்டி போகும் திசைதான் கணக்கு. முன்பக்க ஓரம்தான் காற்றை முதலில் வாங்கும். அங்கே தார்ப்பாயை நன்றாகக் கீழே இறக்கி, இரண்டாக மடித்து, இரண்டு கட்டுப் போடுங்கள். ஒரு தார்ப்பாய் போதாமல் இரண்டைச் சேர்க்க வேண்டியிருந்தால் பின்னாலிருப்பதை முதலில் போட்டு, முன்னாலிருப்பதை அதன் மேலே இரண்டடி ஏறும்படி போட வேண்டும். கூரைக்கு ஓடு வேய்வதுபோல. மாற்றிப் போட்டால் எதிர்காற்று வாயைத் திறந்து உள்ளே புகுந்துவிடும்.

கட்டும்போது மூலையிலிருந்து மூலைக்குப் போகாமல், ஒரு பக்கத்து நடு வளையத்தைக் கட்டி உடனே எதிர்ப்பக்கத்து நடு வளையத்தைக் கட்டுங்கள். பிறகு அங்கிருந்து இருபுறமும் மாறி மாறி நகருங்கள். துணி சமமாக இழுபடும், சுருக்கம் வராது. வளையத்தோடு மட்டும் விட்டுவிட்டால் முழு விசையும் அந்தச் சின்ன வட்டத்தில்தான் விழும். ஆகவே மேலே நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல ஓட்டி, பக்கக் கொக்கிகளில் இறுக்குங்கள். சுமையைப் பிடிப்பது கயிறு. மழையைத் தடுப்பது மட்டுமே தார்ப்பாய்க்கு வேலை.

இறுக்குவதற்கு லாரிக்காரர்கள் போடும் முடிச்சு ஒன்று உண்டு. மேலிருந்து வரும் கயிற்றில் மார்பு உயரத்தில் ஒரு சுருக்குக் கண்ணி போடுவார்கள். மிச்சக் கயிற்றைக் கீழே கொக்கியில் மாட்டி, மேலே கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் விட்டு, உடம்பின் எடையைப் போட்டுக் கீழே இழுப்பார்கள். கண்ணி கப்பிபோல வேலை செய்வதால் ஒரே ஆள் இரண்டு ஆள் பலத்துக்கு இறுக்கலாம். மண்டி வாசலில் ஏதாவதொரு கிளீனரிடம் கேளுங்கள், சிரித்துக்கொண்டே கற்றுக்கொடுப்பார். கைக்கு வரப் பத்து நிமிடம் ஆகும்.

புறப்பட்டு ஐந்தாறு கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்துங்கள். குலுங்கலில் மூட்டைகள் படிந்து கயிறு தளர்ந்திருக்கும். முதல் டீக்கடையே இதற்குச் சரியான இடம். டீ ஆறுவதற்குள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொரு கயிற்றையும் விரலால் சுண்டிப் பாருங்கள். தொய்வாக இருப்பதை அங்கேயே இறுக்கிவிடலாம்.

வைக்கோல், கரும்புத் தோகை போன்றவற்றுக்குத் தார்ப்பாயைவிட வலையும் கயிறும் மேல். மணல், எம்-சாண்ட், ஜல்லி என்றால் பறக்காமலும் சிந்தாமலும் இருக்க மூட வேண்டும்; அதற்குப் பழைய தார்ப்பாயே போதும். வெல்லம் மட்டும் தனி. காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சி இளகிவிடும் சரக்கு அது; ஐப்பசி, கார்த்திகையில் வெல்லம் ஏற்றினால் அடியிலும் மேலும் புதுத் தார்ப்பாய் போட்டு எந்தப் பக்கமும் இடைவெளி இல்லாமல் மூடுங்கள். கான்வாஸ் இங்கே உதவாது.

ஐந்தாம் படி: களத்தில் மூடுவது

மூடுவதற்கு முன் தரையைப் பாருங்கள். மேடான இடம் வேண்டும். சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் போக வழி விட வேண்டும். தரையில் தார்ப்பாயை மட்டும் விரித்து மூட்டை அடுக்கினால் மண்ணின் ஈரம் அடியில் வேர்த்து நிற்கும். பலகையோ, பனை மட்டையோ, இரண்டு வரிசை செங்கல்லின் மேல் சவுக்குக் கம்போ போட்டு, அதற்கு மேல் அடுக்குங்கள். இந்திய உணவுக் கழகம் திறந்த வெளியில் நெல், கோதுமை அடுக்கும்போதும் மேடை கட்டி, மரச்சட்டம் போட்டு, அதன் மேல் கருப்புப் பாலிதீன் உறை போர்த்தித்தான் வைக்கிறது. வெயில் அடிக்கும் நாள்களில் அந்த உறையைத் தூக்கிக் காற்றாட விடுவதும் அங்கே வழக்கம்.

காற்றாட விடுவது ஏன்? தானியம் உயிருள்ள பொருள். மூச்சு விடும், சூடு விடும், ஈரமும் விடும். பகலில் வெயிலில் கொதித்த நெல்லை அந்தச் சூட்டோடு அம்பாரமாக்கிப் பிளாஸ்டிக்கால் மூடினால், இரவில் மேல்தாள் குளிரும்போது உள்ளே எழும் ஆவி அதில் பட்டு நீராகி, சொட்டுச் சொட்டாக மேல் மூட்டை மேலேயே விழும். காலையில் தார்ப்பாயைத் தூக்கி உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். மழையே பெய்யாத இரவிலும் உள்ளங்கை நனையும். ஆகவே காய்ந்த தானியத்தை மாலையில் சற்று ஆறவிட்டு மூடுங்கள். தானியத்துக்கும் தாளுக்கும் நடுவில் பழைய சாக்கோ ஒரு கை வைக்கோலோ பரப்புங்கள். சொட்டு அதில் தங்கிவிடும். மழை இல்லாத பகலில் இரு முனைகளையும் திறந்து வையுங்கள்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குப் பொதுவான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். வீட்டில் மாதக்கணக்கில் வைக்க அதுவும் அதிகம். 14-க்குக் கீழே வர வேண்டும். மல்லாட்டை இன்னும் கூச்சம் மிக்கது. காய் 8, 9 சதவீதத்துக்குக் காயாமல் பிளாஸ்டிக்குக்குள் மூடிக் கிடந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் வந்து அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும். அது எண்ணெய் மில்லுக்கும் நல்லதில்லை, பிண்ணாக்கு தின்னும் மாட்டுக்கும் நல்லதில்லை. காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும். அந்தச் சத்தம் வராதவரை இரவில் மட்டும் மூடி, விடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

மூடும் முறைக்கு வருவோம். அடுக்கின் நடுவே நெடுக ஒரு சவுக்குக் கம்பைச் சற்று உயர்த்திக் கட்டி, அதன் மேல் தார்ப்பாய் கூரை போல இரு பக்கமும் சரியட்டும். கம்பின் முனைகளில் சாக்குச் சுற்றுங்கள், குத்திக் கிழிக்காது. மேல்தாள் கண்டிப்பாக அடித்தாளைத் தாண்டி வெளியே இறங்க வேண்டும். அடித்தாளின் விளிம்பை மூட்டையோடு மேல்நோக்கி மடித்துவிடுங்கள். எங்கள் நாற்பது மூட்டைக்கு நேர்ந்தது இந்த ஒரு மடிப்பு இல்லாததால்தான்.

ஓரங்களில் கல் வைக்காதீர்கள். கூர்முனை துணியை அறுக்கும். காற்று தூக்கினால் கல் உருண்டுவிடும். பழைய சாக்கில் பாதி மணல் நிரப்பி நீளவாக்கில் படுக்க வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் அதோடு மேலே இரண்டு, மூன்று இடத்தில் கயிற்றைக் குறுக்காகப் போட்டு, இருபுறமும் முளை அடித்துக் கட்டுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்ட அந்த வாரத்தில் நாங்கள் இப்படித்தான் கட்டியிருந்தோம். ஒரு சாக்கும் நனையவில்லை.

படகுக்கு

ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் 12 அடி ஃபைபர் படகு ஒன்றைச் சின்ன டிரெய்லரில் வைத்து ஏரிக்கு ஏரி இழுத்துப் போகிறார். அவர் வந்து கேட்டபோது இதே இரண்டு கணக்கைத்தான் சொன்னேன். சாலையில் இழுக்கும்போது மூடாக்கு படகின் விளிம்பைச் சுற்றிக் கீழே மடிந்து, தோலாக ஒட்டி இறுக வேண்டும். தொளதொளத்தால் அடித்து அடித்துப் படகின் மினுக்கையே தேய்த்துவிடும். படகை டிரெய்லரோடு பிடிக்கும் பட்டை வேறு, மூடாக்கின் கயிறு வேறு. ஒன்றை நம்பி மற்றொன்றை விடக் கூடாது. நிறுத்தி வைக்கும்போது இதற்கு நேர்மாறு: நடுவில் கம்பு கொடுத்து முகடு எழுப்ப வேண்டும், முன்புறம் சற்று உயர்ந்து இருக்க வேண்டும், அடியிலிருக்கும் வடிகால் அடைப்பைக் கழற்றிவிட வேண்டும், பக்கவாட்டில் காற்றுப் போக இடம் விட வேண்டும். அவர் மூன்று மாதம் தட்டையாக மூடிப் போட்டிருந்தார். திறந்தபோது மூடாக்கின் மேலே தவளை முட்டை, உள்ளே பூஞ்சண நாற்றம்.

கடைசிப் படி: கழுவி, காயவைத்து, எலிக்கு எட்டாமல்

வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றி மெல்லிய துடைப்பத்தால் தேய்த்தால் போதும். சலவைத்தூளும் மண்ணெண்ணெயும் பூச்சைக் கெடுக்கும். நிழலில் இருபுறமும் காயவைத்து மடியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மடிப்பில் மடித்தால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். இரண்டாக மடித்துப் பாய்போலச் சுருட்டுவது நல்லது. சுருட்டியதைத் தரையில் வைக்காதீர்கள். நெல் வாசனை ஒட்டிய தார்ப்பாயை எலி விடாது. நடுவில் ஒரு கடி கடித்தால் விரிக்கும்போது அது எட்டு ஓட்டை. உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.

சின்னக் கிழிசலைப் பெரிதாகும்வரை விட வேண்டாம். அதே வகைத் துணியில் வட்டத் துண்டு வெட்டி, இரு பக்கமும் ஒட்டுங்கள். சதுரமாக வெட்டினால் மூலைதான் முதலில் எழும்பும். வளையம் பிய்ந்தால் அந்த ஓரத்தில் பழைய பட்டையை இரண்டாக மடித்து வைத்து, செருப்புத் தைக்கும் கடையில் புது வளையம் அடித்துத் தரச் சொல்லுங்கள். அவசரத்துக்கு வளையமே வேண்டாம்: ஒரு கோலிக்குண்டு அளவு கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்து, வெளியிலிருந்து கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு இழுங்கள். வளையத்தைவிடக் கெட்டியாக நிற்கும்.

புதுத் தார்ப்பாய் வாங்கும் முன் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விவசாயிகளுக்கு மானிய விலையில் தார்ப்பாய் தரும் திட்டங்கள் அவ்வப்போது வருகின்றன. சிட்டா, ஆதார் நகல் கையில் இருந்தால் அலைச்சல் குறையும். அங்கே கிடைப்பதையும் எடை போட்டுப் பாருங்கள்.

பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். நல்ல பகுதியை வெட்டி எடுத்தால் ஒட்டுத் துண்டு. மிச்சத்தை நான்காக மடித்தால் டிரெய்லர் மூலைக்குத் திண்டு. எங்கள் பின்கதவுத் தாழ்ப்பாளின் மேல் இப்போது இருப்பது, அந்த நாற்பது மூட்டைக்கு அடியில் விரித்திருந்த அதே நீலத் தாளின் ஒரு துண்டுதான்.